கயிற்றைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்!

விளையாட்டுத் திடலில் காத்திருக்கும் கணக்குப் பாடம்

பள்ளி விளையாட்டு விழாவுக்கு முந்தைய வாரம். காலை ஏழு மணிக்கெல்லாம் உடற்கல்வி ஆசிரியர் மைதானத்துக்கு வந்துவிடுகிறார். தரையில் ஓர் இரும்பு முளை. அதில் கட்டிய நைலான் கயிறு. பக்கத்தில் சுண்ணாம்புப் பவுடர் சாக்கு. கயிற்றின் மறுமுனையை இழுத்துப் பிடித்தபடி அவர் அரைவட்டமாக நடக்க, பின்னாலேயே வெள்ளைக் கோடு விழுகிறது. ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் உள்ளே நுழையும்போது டிராக் தயார். எந்த ஊர் அரசுப் பள்ளியிலும் ஆண்டுதோறும் காணக்கூடிய காட்சி இது.

அன்று மாலை 200 மீட்டர் ஓட்டத்துக்குப் பெண் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். முதல் லேனில் நிற்பவள் கேட்கிறாள்: "சார், ஆறாவது லேன்ல நிக்கிறவ மட்டும் எதுக்கு அவ்வளவு முன்னாடி நிக்கிறா? இது நியாயமா சார்?"

"எல்லாம் அளந்துதான்மா போட்டிருக்கு. ரெடியா இரு!" விசில் ஊதப்படுகிறது. ஓட்டம் முடிகிறது. அந்தக் கேள்வியும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

அந்தக் கேள்விக்கான விடை அவளுடைய புத்தகப் பையிலேயே இருக்கிறது. வட்டத்தின் சுற்றளவு 2πr என்று அவள் மனப்பாடம் செய்திருப்பாள், தேர்விலும் எழுதியிருப்பாள். ஆனால் தன் காலடியில் கிடக்கும் சுண்ணாம்புக் கோடும் அந்தச் சூத்திரமும் ஒன்றுதான் என்று யாரும் அவளுக்குக் காட்டியதில்லை. இந்தக் கட்டுரை அந்த மாணவிக்காகத்தான்.

ஏழு மீட்டர் ரகசியம்

உலகப் போட்டிகள் நடக்கும் 400 மீட்டர் டிராக்கில் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். வளைவின் உள்விளிம்பு ஆரம் 36.50 மீட்டர். முதல் லேனில் ஓடுபவர் விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடுவதாகக் கணக்கு வைப்பதால் ஆரம் 36.80 ஆகிறது. இரண்டு அரைவட்டம் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். அதன் சுற்றளவு 231.22. இரண்டு நேர்ப்பகுதிகளின் 168.78 சேர்ந்தால் மிகச் சரியாக 400.

ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். அடுத்த லேனில் ஓடுகிறவருக்கு வட்டத்தின் ஆரம் அவ்வளவு கூடுகிறது. ஆரம் 1.22 கூடினால் சுற்றளவு எவ்வளவு கூடும்? 2 × π × 1.22. அதாவது 7.67 மீட்டர். வெளி லேன்காரர் முன்னால் தள்ளி நிற்பது இந்தக் கூடுதல் தூரத்தை ஈடுகட்டத்தான். இரண்டாவது லேனுக்கு மட்டும் 7.04 மீட்டர். முதல் லேனை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டரிலும் மற்ற லேன்களை 20 சென்டிமீட்டரிலும் அளப்பதால் வரும் வேறுபாடு அது.

இதில் பிள்ளைகளை வியக்கவைக்கும் ஒன்று உண்டு. அந்த 7.67-க்குள் டிராக்கின் ஆரம் எங்கேயும் வரவில்லை. பெரிய 400 மீட்டர் டிராக் ஆனாலும் நம் பள்ளியின் 200 மீட்டர் டிராக் ஆனாலும், ஒரு முழுச் சுற்றுக்கு லேனுக்கு லேன் கூடும் தூரம் ஒன்றேதான். இதைக் கரும்பலகையில் இயற்கணிதமாக எழுதிக் காட்டினால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். டேப்பைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். "எப்படி சார் ரெண்டுலயும் ஒரே அளவு வருது?" என்று அவர்களே கேட்பார்கள். கேள்வி பிள்ளையிடமிருந்து வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

கபடிக் களம் போடுவதிலும் இப்படித்தான். ஆண்களுக்கு 13 மீட்டருக்கு 10, பெண்களுக்கு 12-க்கு 8. மூலை சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? வீடு கட்டும் கொத்தனாரைப் போலவே உடற்கல்வி ஆசிரியரும் கயிற்றில் 3, 4, 5 அளந்து மூலைமட்டம் பிடிக்கிறார். பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சமமா என்று பார்க்கிறார். பெண்கள் களத்தில் அது 14 மீட்டர் 42 சென்டிமீட்டர் வர வேண்டும். பிதாகரஸ் தேற்றத்தை அவர் ஆண்டுதோறும் நிலத்தில் போட்டுக்காட்டுகிறார். அதே நேரத்தில் வகுப்பறைக்குள் இன்னோர் ஆசிரியர் அதே தேற்றத்தைப் பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் நடுவே இருப்பது ஒரு சுவர்தான்.

நூறில் ஒரு பங்கு நொடி

தசம எண்கள் என்றாலே தடுமாறும் பிள்ளைகளுக்கு பி.டி.உஷாவின் கதையைச் சொல்லலாம். 1984 ஆகஸ்ட் 8, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக், 400 மீட்டர் தடை ஓட்ட இறுதிப் போட்டி. வெண்கலம் வென்ற ருமேனிய வீராங்கனை கிறிஸ்டினா கொஜோகாரு எடுத்துக்கொண்ட நேரம் 55.41 நொடி. உஷாவுக்கு 55.42.

நூறில் ஒரு பங்கு நொடி என்றால் எவ்வளவு? கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். 400-ஐ 55.42-ஆல் வகுத்தால் நொடிக்குச் சராசரியாக 7.2 மீட்டர். அதில் நூறில் ஒரு பங்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். பிள்ளைகள் ஸ்கேலை எடுத்து 7 சென்டிமீட்டருக்குக் கோடு போட்டுப் பார்க்கட்டும். ஏறத்தாழ ஒரு விரல் நீளம்தான். ஒலிம்பிக் தடகளப் பதக்கத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவுதான். அதன் பிறகு புள்ளிக்கு அடுத்த இரண்டாவது இலக்கத்தை அந்தப் பிள்ளைகள் அலட்சியமாக விடமாட்டார்கள்.

கணக்கு தவறினால் கோப்பை தவறும்

கிரிக்கெட் பார்க்காத பிள்ளை நம் ஊரில் குறைவு. அதற்குள் கணக்கு வாத்தியாருக்கு ஒரு புதையலே இருக்கிறது. ஓர் அணி 19.4 ஓவரில் 156 ரன் எடுத்தது. ரன் விகிதம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பலரும் 156-ஐ 19.4-ஆல் வகுத்து 8.04 என்பார்கள். தவறு. அந்த 4, பத்தில் நான்கு இல்லை, ஆறில் நான்கு. 19 ஓவரும் 4 பந்தும் சேர்ந்து 118 பந்து. சரியான விடை 7.93. எல்லாப் புள்ளியும் தசமப் புள்ளி இல்லை என்பதை இதைவிட எளிதாகச் சொல்லிக்கொடுக்க முடியாது.

பெரிய அணிகளே கணக்கில் சறுக்கிய வரலாறு உண்டு. 2003 மார்ச் 3, டர்பன். உலகக் கோப்பையில் இலங்கை 268 ரன் எடுத்திருந்தது. தென்னாப்பிரிக்கா விரட்டிக்கொண்டிருந்தபோது மழை நெருங்கியது. மழையால் ஆட்டம் நின்றால் இலக்கைத் திருத்தும் டக்வொர்த்-லூயிஸ் முறைப்படி 45-வது ஓவர் முடிவில் 229 என்று தாளில் இருந்தது. முரளிதரன் வீசிய அந்த ஓவரின் ஐந்தாவது பந்தில் மார்க் பவுச்சர் சிக்ஸர் அடித்தார். ஸ்கோர் 229. வென்றுவிட்டோம் என்று நினைத்துக் கடைசிப் பந்தைத் தட்டி நிறுத்திவிட்டார். ஆட்டம் மழையால் நின்றது. 229 என்பது சமநிலைக்கான எண். வெற்றிக்கு 230 வேண்டும். சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையிலிருந்து தென்னாப்பிரிக்கா வெளியேறியது. 'சமம்' என்பதற்கும் 'அதைவிட அதிகம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் ஏழாம், எட்டாம் வகுப்பில் சமனின்மையாக நடத்துகிறோம். ஒரு ரன் அந்தப் பாடத்தை நடத்திக் காட்டியது டர்பனில்.

இருபது ஆண்டுக்குப் பிறகு, 2023 செப்டம்பர் 5 அன்று லாகூரில் ஆசியக் கோப்பை. இலங்கையின் 291-ஐ 37.1 ஓவருக்குள் தாண்டினால் ஆப்கானிஸ்தான் அடுத்த சுற்றுக்குப் போகலாம். 37.1 ஓவரில் ஸ்கோர் 289, ஒன்பதாவது விக்கெட் விழுந்தது. எல்லாம் முடிந்தது என்று அணி நினைத்தது. கடைசி ஆட்டக்காரர் பந்துகளைத் தடுத்து ஆடினார். மறுமுனையில் ரஷீத் கான் அடிக்க வாய்ப்பில்லாமல் நின்றார். உண்மையில் 37.4 ஓவருக்குள் ஒரு சிக்ஸர் அடித்து 295-ஐத் தொட்டிருந்தாலும் அவர்கள் முன்னேறியிருப்பார்கள். நிகர ரன் விகிதத்தில் அப்படி ஒரு வழி மிச்சம் இருப்பது யாருக்கும் சொல்லப்படவில்லை என்று பயிற்சியாளர் ஜோனதன் டிராட் பின்னர் சொன்னார். ரன் கூடினால் விகிதம் எப்படி மாறும், பந்து கூடினால் எப்படி மாறும் என்ற விகிதக் கணக்கு அது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்த ஸ்கோர்கார்டைக் கொடுத்து, "நீங்கள் அந்தப் பெவிலியனில் இருந்தால் மைதானத்துக்கு என்ன சொல்லி அனுப்புவீர்கள்?" என்று கேட்கலாம். ஒரு பீரியட் போதாது.

பத்தாம் வகுப்பில் வரும் திட்ட விலக்கத்துக்கும் இங்கேயே இடம் உண்டு. ஒரு பேட்ஸ்மேன் ஐந்து ஆட்டத்தில் 40, 45, 50, 55, 60. இன்னொருவர் 0, 10, 50, 90, 100. இருவருக்கும் சராசரி 50தான். திட்ட விலக்கம் முதலாமவருக்கு ஏறத்தாழ 7, அடுத்தவருக்கு 40. "அணித் தேர்வாளராக யாரை எடுப்பீர்கள், எந்த ஆட்டத்துக்கு?" என்று கேட்கும்போது சூத்திரம் ஒரு முடிவாக மாறுகிறது.

ஒரு ரெய்டு, நான்கு படிகள்

சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுப்பது கணக்கின் ஒரு பகுதிதான். சிக்கலை அவிழ்ப்பதுதான் அதன் உயிர். ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போலியா 1945-இல் இதற்கு நான்கு படிகள் சொன்னார்: புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். நம் கபடிப் பிள்ளைகள் இதை 30 நொடிக்குள் செய்கிறார்கள்.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். ஆட்டத்தின் கடைசி ரெய்டு. நம் அணி இரண்டு புள்ளி பின்னால். எதிரில் ஏழு பேர். ஆறு பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் போனஸ் கோட்டைக் கடந்ததற்குப் புள்ளி உண்டு. எனவே போனஸும் ஒரு தொடுதலும் சேர்ந்தால் ஆட்டம் சமன். போனஸோடு இரண்டு பேரைத் தொட்டால் வெற்றி. ஆண்கள் களத்தில் அந்தக் கோடு நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டர் உள்ளே இருக்கிறது. ஆழம் போகப் போக ஆபத்து. எதிரில் ஐந்து பேர்தான் என்றால்? போனஸ் வழி அடைபட்டது. சமன் செய்யவே இரண்டு பேரைத் தொட வேண்டும். நிபந்தனை ஒன்று மாறினால் திட்டம் முழுவதும் மாறுகிறது.

ரெய்டு முடிந்ததும் பயிற்சியாளர் அணியைக் கூட்டி வைத்துக் கேட்பார்: "எங்க விட்டோம்? வேற எப்படிப் போயிருக்கலாம்?" இதுதான் நான்காவது படி. நம் கணக்கு வகுப்பில் பெரும்பாலும் காணாமல் போவதும் இந்தப் படிதான். விடை சரியென்றால் ஒரு டிக், தவறென்றால் ஒரு கோடு, அடுத்த கணக்கு. களத்தில் தோல்வியைத் திரும்பிப் பார்க்கிற பிள்ளைக்கு, நோட்டில் தன் தவறைத் திரும்பிப் பார்க்க நாம் நேரம் தருவதில்லை.

ஆடினால் மட்டும் போதாது

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். விளையாடினாலே கணக்கு வந்துவிடும் என்று நம்பினால் ஏமாந்துபோவோம்.

1985-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவோரம் விற்பனை செய்யும் சிறுவர்களை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஒரு தேங்காய் 35 குருசேரோ, நான்கு எவ்வளவு? பன்னிரண்டு வயதுச் சிறுவன் மனதுக்குள் கூட்டிக் கூட்டி 140 என்று சரியாகச் சொன்னான். அதே சிறுவன், அதே 35 × 4-ஐத் தாளில் போட்டபோது எழுதிய விடை 200. சந்தையில் நூற்றுக்கு 98 கேள்விகளுக்குச் சரியாக விடை சொன்ன பிள்ளைகள், வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37-ஐத்தான் எட்டினார்கள்.

2025-இல், நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் செய்த ஆய்வு 'நேச்சர்' இதழில் வெளியானது. சந்தையில் வேலைசெய்யும் பிள்ளைகள் சிக்கலான வியாபாரக் கணக்கை நொடியில் போட்டார்கள். பாடப்புத்தகக் கணக்கில் திணறினார்கள். பள்ளிக்கு மட்டுமே போகும் பிள்ளைகளுக்கு நேரெதிர்: தாளில் வந்தது, சந்தையில் வரவில்லை.

கபடியில் புலியாக இருக்கும் பையன் கணக்குத் தேர்வில் சுருண்டுபோவதும், கணக்கில் நூறு வாங்கும் பிள்ளைக்கு மைதானத்தில் 20 மீட்டரைக் கண்ணால் மதிப்பிடத் தெரியாததும் இதே கதைதான். இரண்டு அறிவும் தனித்தனி அறையில் இருக்கின்றன. இடையில் கதவை யாராவது திறந்துவிட வேண்டும். அந்த யாரோ, ஆசிரியர்தான்.

கதவைத் திறப்பது என்றால் மூன்று வேலை. முதலில் களத்தில் செய்ய வைப்பது: அளக்க, எண்ண, நேரம் பார்க்க. அடுத்து அதே நாளில் அதை நோட்டில் எண்ணாகவும் குறியீடாகவும் எழுத வைப்பது. கடைசியில் வேறு இடத்துக்குப் பொருத்திப் பார்க்க வைப்பது. டிராக்கில் கண்ட 2πr, கிணற்று உறைக்கும் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கும் பொருந்துமா? மூன்றாவது வேலை நடக்காவிட்டால் அது ஓர் இனிய மாலைப்பொழுது மட்டுமே, பாடம் ஆகாது.

அந்த பீரியடைத் திருடாதீர்கள்

நெதர்லாந்தில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் ஏறத்தாழ 500 பேரிடம் இரண்டு ஆண்டு நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. வாரம் மூன்று முறை, கணக்கையும் மொழியையும் குதித்தும் நடந்தும் படித்த பிள்ளைகள், உட்கார்ந்தே படித்த பிள்ளைகளைவிடக் கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் நான்கு மாதத்துக்கு மேல் முன்னே இருந்தார்கள். வாசிப்பில் அப்படி வேறுபாடு தெரியவில்லை. இது எல்லா நோய்க்கும் மருந்து இல்லை. ஆனால் கணக்குக்கு நல்ல மருந்து.

2020-இன் தேசியக் கல்விக் கொள்கை விளையாட்டோடு இணைந்த கற்றலைப் பேசுகிறது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் சிறு வகுப்புகளில் ஆடலும் பாடலுமாகக் கணக்கைக் கொண்டுபோகிறது. ஆனால் பிள்ளை உயர்நிலை வகுப்புக்கு வந்ததும் நிலைமை தலைகீழ். தேர்வு நெருங்க நெருங்க பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வது பல பள்ளிகளில் வழக்கம். அந்த பீரியட் திரும்பி வருவதே இல்லை.

எனவே இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். விளையாட்டு வழியாகக் கணக்கு என்பது பி.டி. பீரியடுக்குள் கணக்கைத் திணிப்பதற்கான சாக்கு ஆகிவிடக் கூடாது. கணக்கு பீரியட்தான் மைதானத்துக்குப் போக வேண்டும். பி.டி. பீரியடில் பிள்ளைகள் ஓடட்டும், விழட்டும், சிரிக்கட்டும். ஒவ்வொரு கோலையும் எண்ணிக் குறிப்பெடுக்கச் சொன்னால் ஆட்டத்தின் மகிழ்ச்சியும் போகும், கணக்கின் மீது வெறுப்பும் கூடும்.

இன்னொன்று. நம் மைதானங்கள் பெரும்பாலும் பையன்களுடையவை. பெண் பிள்ளைகள் சுவரோரம் நின்று பார்க்கிறார்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளையை மரத்தடியில் உட்காரவைத்து, 'நீ ஸ்கோர் எழுது' என்று ஒதுக்கிவிடுகிறோம். டேப் பிடிப்பது, ஸ்டாப்வாட்ச் பார்ப்பது, ஸ்கோர் எழுதுவது, ஆடுவது ஆகிய எல்லாம் எல்லோருக்கும் சுற்றில் வர வேண்டும். சமமாகப் பங்கிடுவதும் கணக்குதானே!

நாளைக்கே தொடங்க ஐந்து கணக்குகள்

1. காலடிக் கணக்கு (4, 5-ஆம் வகுப்பு): 20 மீட்டரை எத்தனை எட்டில் நடக்கிறாய்? மூன்று முறை நட, சராசரி எடு. இப்போது டேப் இல்லாமல் பள்ளிச் சுவரின் நீளத்தைச் சொல்.

2. நாடித் துடிப்பு (6-ஆம் வகுப்பு): ஓடி முடித்ததும் 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கு. ஒவ்வொரு நிமிடமும் எழுதி வரைபடம் போடு. யாருடைய கோடு வேகமாக இறங்குகிறது?

3. யார் கெட்டி? (7-ஆம் வகுப்பு): ஒருத்தி 10 எறிதலில் 7 கூடையில் போட்டாள். இன்னொருத்தி 16-இல் 11. விழுக்காட்டில் சொல். பத்து எறிதலை வைத்து முடிவு சொல்வது சரியா என்றும் யோசி.

4. போட்டி அட்டவணை (8-ஆம் வகுப்பு): குறுவட்டப் போட்டிக்கு 19 அணிகள் வருகின்றன. நாக்-அவுட்டில் மொத்தம் எத்தனை ஆட்டம்? படம் போட்டு எண்ண வேண்டாம். ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வீட்டுக்கு அனுப்புகிறது. ஒரே அணி மிஞ்ச, 18 அணிகள் தோற்க வேண்டும். எனவே 18 ஆட்டம். முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் 'பை' அணிகள் எத்தனை? 19-ஐத் தாண்டிய இரண்டின் அடுக்கான 32-இல் 19 போக 13. லீக் என்றால்? 19 × 18 ÷ 2 = 171. ஏன் இரண்டால் வகுக்கிறோம் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள்.

5. டிராக் போடு (9, 10-ஆம் வகுப்பு): 200 மீட்டர் டிராக், நேர்ப்பகுதி 40 மீட்டர். மீதி 120 மீட்டர் வட்டம். ஆரம் ஏறத்தாழ 19.10. ஓட்டக் கோட்டுக்கான 30 சென்டிமீட்டரைக் கழித்தால் முளையிலிருந்து 18.80 மீட்டர் கயிறு. கட்டு, நட, கோடு போடு. போட்ட பிறகு டேப் வைத்துச் சரிபார்.

பெரிய மைதானம் இல்லாத பள்ளிகள் உண்டு. முதல் இரண்டு கணக்குக்கும் வராந்தா போதும். நான்காவதுக்கு ஒரு தாள் போதும். இதற்குத் தனி நிதியோ புதிய கருவியோ தேவையில்லை. ஒரு டேப், ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு கயிறு. அதற்கும் மேலாக, கணக்கு ஆசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் மாதம் ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து பேசும் அரைமணி நேரம்.

கணக்கு ஆசிரியர்களே, அந்தச் சுவரைத் தாண்டி ஒருமுறை மைதானத்துக்கு வாருங்கள். உடற்கல்வி ஆசிரியர்களே, உங்கள் கையில் இருப்பது எவ்வளவு பெரிய பாடம் என்பதை நீங்கள் முதலில் நம்புங்கள். தலைமையாசிரியர்களே, இருவருக்கும் அந்த அரைமணி நேரத்தை ஒதுக்கிக் கொடுங்கள். பெற்றோர்களே, 'கிரவுண்டுக்குப் போய் கணக்குப் படிச்சோம்' என்று பிள்ளை சொன்னால் கோபப்படாமல், என்ன அளந்தாய் என்று கேளுங்கள்.

அடுத்த விளையாட்டு விழாவுக்கு டிராக் போடும் நாளில், ஏழு மணிக்கே அந்த மாணவியையும் வரச் சொல்லுங்கள். ஆறாவது லேன்காரி ஏன் முன்னால் நிற்கிறாள் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டாம். கயிற்றை அவள் கையில் கொடுங்கள். அவளே கண்டுபிடிப்பாள்.